மலைக் குளிரில் ப்ராசஸருக்கு எதற்கு இத்தனை வாட்?

ஜனவரி மாதம், கோத்தகிரி. காலை ஒன்பது மணிக்கும் ஸ்வெட்டரைக் கழற்ற மனம் வராத குளிர். கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பர் ஒருவரின் ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தேன். எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் ரெண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய தம்பி மானிட்டரின் மூலையைக் காட்டினான். ப்ராசஸர் 95 டிகிரி. "ஊரே நடுங்குது, இதுக்கு மட்டும் காய்ச்சல் அடிக்குதுங்கண்ணா. பேஸ்ட் காஞ்சிருக்குமோ? பெரிய கூலரா வாங்கிரலாமா?"

ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பேஸ்ட் காயவில்லை. கூலரும் சரியாகத்தான் பொருந்தியிருந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ். 2022 செப்டம்பரில் வந்த ரைசன் 7000 வரிசை, தேவைப்பட்டால் 95 டிகிரி வரை ஏறி, அங்கேயே நின்று வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டது. முழு வேலை கொடுத்தால் மூன்று வரம்புகளில் ஏதாவது ஒன்றில் முட்டும்வரை அது வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும்: 95 டிகிரி வெப்பம், மதர்போர்டில் ப்ராசஸர் அமரும் சாக்கெட் வழியாக 230 வாட், அல்லது மதர்போர்டு தரக்கூடிய மின்னோட்டம். இன்னும் பெரிய கூலர் மாட்டினால் டிகிரி பெரிதாக இறங்காது. கிடைத்த இடத்தையும் கொஞ்சம் கூடுதல் வேகமாக மாற்றிக்கொள்ளும். சுற்றியிருக்கும் குளிரும் அதன் கண்ணுக்கு இன்னொரு பெரிய கூலர், அவ்வளவுதான். ஆக, குளிர் ஊரில் இருப்பதால் இந்த ப்ராசஸர் குறைவாக மின்சாரம் இழுக்கும் என்று நினைத்தால் தவறு. சில நேரம் கூடுதலாக இழுக்க இடம் கிடைக்கிறது.

சென்னையில் மே மாதம் கேபினெட்டின் பின்னால் கை வைத்தாலே சுடும். அங்கே இருப்பவர் தானாகவே கவலைப்படுவார். நமக்கு அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. அதனால் மலையில் இருப்பவர்கள் டிகிரியைவிட வாட்டைப் பார்க்கப் பழக வேண்டும் என்பது என் கருத்து. அந்த வாட்டில் நல்ல ஒரு பங்கை, வேகத்தில் ஏறக்குறைய எதையும் இழக்காமல் திரும்ப வாங்கிவிடலாம். எப்படி என்று புரிய, முதலில் அது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு ப்ராசஸருக்கும் ஒரு கல்லாறு

சில்லு வேலை செய்யும்போது செலவாகும் மின்சாரத்தின் பெரும்பகுதி ஓர் எளிய கணக்கில் அடங்கும். வோல்டேஜை அதே வோல்டேஜால் பெருக்க வேண்டும். வந்த விடையை வேகத்தால் பெருக்க வேண்டும். வேகம் ஒரு முறைதான் வருகிறது, வோல்டேஜ் இரண்டு முறை வருகிறது. எல்லா விஷயமும் அந்த இரண்டாவது முறையில்தான் இருக்கிறது. 1.30 வோல்ட்டில் ஓடும் ப்ராசஸரை, வேகத்தைத் தொடாமல் 1.15 வோல்ட்டுக்கு இறக்க முடிந்தால் செலவு சுமார் 22 சதவீதம் குறையும். கூடவே 5.0 கிகாஹெர்ட்ஸை 4.7 ஆக்கினால், அதாவது வேகத்தில் 6 சதவீதம் விட்டுக்கொடுத்தால், மொத்தக் குறைவு 26 சதவீதத்துக்கு மேல். இதற்கு மேல் கசிவு மின்சாரம் ஒன்று உண்டு. டிரான்சிஸ்டர் சும்மா இருக்கும்போதும் அதன் வழியாக ஒழுகுவது. வோல்டேஜ் கூடினாலும் சூடு கூடினாலும் அதுவும் கூடும். ஆகவே வோல்டேஜைக் குறைத்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் கசிவும் குறையும்.

சரி, வோல்டேஜை ஏன் அவ்வளவு ஏற்றுகிறார்கள்? மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ரயிலில் வந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. கல்லாறு வரை ரயில் சாதாரணத் தண்டவாளத்தில் ஓடுகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வரை போகலாம். கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி என்று ஏற்றம் தொடங்குகிறது. சக்கரம் வழுக்கும் என்பதால் நடுவில் பல்தண்டவாளம். அங்கிருந்து குன்னூர் வரை இன்ஜின் எவ்வளவு எரித்தாலும் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். ப்ராசஸரிலும் அப்படி ஓர் இடம் உண்டு. அதுவரை வேகத்தைக் கூட்ட வோல்டேஜ் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் போதும். அந்த இடத்தைத் தாண்டியபின் ஒவ்வொரு 100 மெகாஹெர்ட்ஸுக்கும் முன்னதைவிடப் பெரிய படியாக வோல்டேஜை ஏற்ற வேண்டும். வோல்டேஜ் இரண்டு முறை பெருக்கப்படுவதால் வாட் செங்குத்தாக ஏறுகிறது. கடையில் வாங்கும் டெஸ்க்டாப் ப்ராசஸர்கள், அதிலும் வேகத்தைச் சொல்லி விற்கப்படுபவை, கல்லாற்றைத் தாண்டி வெகுதூரம் ஏறிய நிலையில்தான் நம் கைக்கு வருகின்றன.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1974-ல் ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்டும் உடன் பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைத்தால், ஒரே பரப்பில் எத்தனை டிரான்சிஸ்டர்களை நெருக்கினாலும் அந்தப் பரப்பின் மின்செலவு கூடாது என்று அதில் காட்டினார்கள். சுமார் முப்பது ஆண்டுகள் இந்தத் துறையே அந்த வழியில் நடந்தது. பிறகு கசிவு தலைதூக்கியது. வோல்டேஜை அதற்குமேல் இறக்க முடியவில்லை. 2004-ல் வந்த இன்டெலின் பென்டியம் 4 பிரெஸ்காட் சூட்டுக்குப் பெயர் வாங்கியது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று சொல்லியிருந்த இன்டெல், அதே ஆண்டில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அதன்பிறகுதான் ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் தனி அலகான கோர் ஒன்றுக்குப் பதில் இரண்டு, நான்கு, எட்டு என்று போனார்கள்.

இன்று டிரான்சிஸ்டர் சிறிதாகிறது, வோல்டேஜ் அந்த அளவுக்குக் குறைவதில்லை, சூடு ஒரே இடத்தில் குவிகிறது. 7950எக்ஸின் பதினாறு கோர்களும் இரண்டு சில்லுகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 சதுர மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகம் அளவு. கூலர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சூடு முதலில் அந்த நகத்தை விட்டு வெளியே வர வேண்டும். பெரிய கூலர் வாங்குவது பல நேரங்களில் ஏமாற்றத்தில் முடிவதற்கு இதுதான் காரணம்.

கம்பெனியே கொடுத்திருக்கும் சாட்சி

கடைசிச் சில சதவீத வேகத்துக்காக எவ்வளவு வாட் கொட்டப்படுகிறது என்பதற்கு வெளியே போய் ஆதாரம் தேட வேண்டாம். ரைசன் 5 7600எக்ஸ், ரைசன் 5 7600 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அதே ஆறு கோர், அதே கட்டமைப்பு. முதலாவதன் உச்ச வேகம் 5.3 கிகாஹெர்ட்ஸ், சாக்கெட் வரம்பு 142 வாட். இரண்டாவதன் உச்ச வேகம் 5.1, வரம்பு 88 வாட். உச்ச வேகத்தில் வித்தியாசம் 4 சதவீதத்துக்குள். அனுமதிக்கப்பட்ட மின்சாரத்தில் வித்தியாசம் 54 வாட்.

இன்டெல் பக்கம் ஐ9-13900கே-க்கு அடிப்படை 125 வாட், வேகத்தைத் தானாகக் கூட்டும் டர்போவில் 253 வாட் என்று அறிவிப்பு. மதர்போர்டு கம்பெனிகள் பல அந்த வரம்பையும் எடுத்துவிட்டு, 4,096 வாட் என்று எழுதி வைத்தே போர்டை அனுப்பின. வரம்பே இல்லை என்பதற்கு இன்னொரு பெயர் அது. விமர்சனங்களில் வரும் பட்டை வரைபடத்தில் பக்கத்துக் கம்பெனியைவிட இரண்டு சதவீதம் நீளமாக நிற்க வேண்டும் என்ற போட்டிதான் இதற்குப் பெரிய காரணம். வாங்குபவர் அந்த இரண்டு சதவீதத்தை உணர்வதில்லை. மின்கட்டணத்தையும் ஃபேன் இரைச்சலையும் மட்டும் உணர்கிறார்.

இன்னொரு காரணம் நியாயமானது. ஒரே சிலிக்கான் தட்டில் வெட்டியெடுத்த சில்லுகளிலும் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. சிலதுக்கு ஒரு வேகத்தைத் தொட 1.20 வோல்ட் போதும், சிலதுக்கு 1.28 வேண்டும். அதில் பலவீனமான சில்லும், மட்டமான எஸ்.எம்.பி.எஸ்ஸில் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை), வெயில் ஊரில், பல ஆண்டுகளுக்குப் பிறகும் தவறாமல் ஓட வேண்டும். அதனால் கம்பெனி எல்லோருக்கும் சேர்த்து ஓர் உபரி வோல்டேஜை வைக்கிறது. உங்கள் சில்லு நல்லதாக இருந்தால் அந்த உபரி வெறும் சூடாகப் போகிறது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதைத்தான் அண்டர்வோல்ட் என்கிறார்கள்.

உபரி வோல்டேஜ் செலவு மட்டும் அல்ல என்பதை 2024-ல் எல்லோரும் பார்த்தோம். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் பல நாளடைவில் நிலை தடுமாறின. தேவைக்கு மேல் கேட்கப்பட்ட வோல்டேஜ் சில்லின் ஒரு பகுதியைத் தேய்த்தது என்று இன்டெல் விளக்கியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த மைக்ரோகோடு என்ற ப்ராசஸரின் உள்மென்பொருள் திருத்தம், வோல்டேஜை 1.55 வோல்ட்டுக்கு மேல் போகாமல் தடுத்தது. வாரண்டியும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. இந்தத் தலைமுறை வைத்திருப்பவர்கள் கீழே சொல்லும் எதையும் செய்வதற்கு முன் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். அது எல்லாவற்றையும்விட முக்கியம்.

மெல்லிய காற்று, சோர்ந்த பேட்டரி

ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேக வைத்தவர்களுக்கு உயரத்தின் வேலை தெரியும். 2,240 மீட்டரில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 23 சதவீதம் குறைவு. கூலரின் ஃபேன் அதே சுற்றில் அதே கன அளவு காற்றைத் தள்ளும். ஆனால் அந்தக் காற்றில் சரக்கு குறைவு. குளிர்ந்த காற்று சற்று அடர்த்தியானது என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டாலும், 15 டிகிரி ஊட்டிக் காற்று 32 டிகிரி சென்னைக் காற்றைவிட சுமார் ஐந்தில் ஒரு பங்கு லேசாக இருக்கும். சூட்டைச் சுமந்துபோவது காற்றின் எடைதான். டேட்டா சென்டர்களுக்கான வழிகாட்டுதல்கள் சுமார் 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அனுமதிக்கும் வெப்பநிலையில் ஒரு டிகிரி குறைக்கச் சொல்வதும் இதனால்தான். மொத்தத்தில் குளிரே ஜெயிக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் தெர்மாமீட்டரைப் பார்த்து நாம் எண்ணுகிற அளவுக்கு ஜெயிப்பதில்லை.

இதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது பேட்டரி. 1932-லேயே பைக்காராவில் மின்நிலையம் ஓடத் தொடங்கிய மாவட்டம் இது. குந்தா அணைகளின் தண்ணீர் இன்றும் சமவெளிக்குச் சேர்த்து மின்சாரம் தருகிறது. ஆனாலும் தென்மேற்குப் பருவமழையில் ஒரு கற்பூர மரம் கம்பியில் சாய்ந்தால் கரண்ட் போய்விடும். காட்டு வழியில் லைன் சரிசெய்பவர்கள் படும் பாட்டைப் பார்த்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். அப்போது யு.பி.எஸ்தான் துணை.

வீட்டில் இருக்கும் சாதாரண 600 விஏ யு.பி.எஸ்ஸில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கும். காகிதக் கணக்கில் 84 வாட்-மணி. கம்ப்யூட்டர் 280 வாட் இழுத்தால் 18 நிமிடம் வர வேண்டும். நிஜத்தில் அதில் பாதிகூட வராது. ஈய-அமில பேட்டரியிடம் வேகமாகக் கேட்டால் அது கொடுப்பதும் குறைவு. அதோடு அது குளிரில் சோர்ந்துபோகும் ஜாதி. 25 டிகிரியில் தரும் கொள்ளளவை 10 டிகிரியில் தராது. ப்ராசஸருக்கு நன்மை செய்யும் அதே குளிர் யு.பி.எஸ்ஸை அடிக்கிறது. இங்கேதான் குறைத்த ஒவ்வொரு வாட்டும் இரட்டிப்பாகத் திரும்புகிறது: இழுவை பாதியானால் பேட்டரி நேரம் இரண்டு மடங்குக்கு மேலாகும். பாதி ரெண்டரில் ஃபைலைச் சேமித்து ஒழுங்காக நிறுத்த அந்தச் சில நிமிடங்கள் போதும்.

கரண்ட் பில்லையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் 100 வாட் மிச்சம் பிடித்தால் இரண்டு மாத பில்லில் 48 யூனிட்.

டிசம்பரில் அந்தச் சூடு அறைக்கு நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அந்த மாதங்களில் அது வீணில்லை. ஆனால் கம்ப்யூட்டர் பன்னிரண்டு மாதமும் ஓடுகிறது, பேட்டரியும் பன்னிரண்டு மாதமும் தேய்கிறது.

எதை முதலில் தொடுவது

வரிசை முக்கியம். பலர் நேராக வோல்டேஜில் கைவைத்துவிட்டு, வெப்பம் அப்படியே இருக்கிறதே என்று கேட்கிறார்கள். ரைசனில் வோல்டேஜை இறக்க உதவும் கர்வ் ஆப்டிமைசர் என்ற பயாஸ் வசதியை மட்டும் போட்டால் ஒவ்வொரு வேகத்துக்கும் தேவையான வோல்டேஜ் குறையும், உண்மை. ஆனால் ப்ராசஸர் அந்த மிச்சத்தை உடனே கூடுதல் வேகத்துக்குச் செலவழித்துவிடும். பழையபடி 95 டிகிரியில் போய் நிற்கும். அதனால் முதலில் வாட்டுக்கு வேலி போட வேண்டும், அப்புறம் வேலிக்குள் வோல்டேஜைச் சீர்செய்ய வேண்டும். வேலி வாட்டைக் குறைக்கும். வோல்டேஜ் திருத்தம் வேலியால் இழந்த வேகத்தைத் திரும்பக் கொண்டுவரும். இரண்டும் சேர்ந்தால்தான் "வேகம் குறையாமல்" என்ற பேச்சுக்கே பொருள் வரும்.

வேலி போடுவது எளிது, ஆபத்தில்லாதது. ஏஎம்டியில் பயாஸில் ஈக்கோ மோட் இருக்கும். 7950எக்ஸில் 105 வாட் என்று தேர்ந்தெடுத்தால் சாக்கெட் வரம்பு 230-லிருந்து 142-க்கு இறங்கும். 65 என்றால் 88-க்கு இறங்கும். அட்டையில் எழுதியிருக்கும் வாட்டை 1.35-ஆல் பெருக்கினால் சாக்கெட் வரம்பு வரும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். 105-ல் பதினாறு கோரும் ஓடும் வேலையில் இழப்பு ஒற்றை இலக்கச் சதவீதத்தில்தான் இருக்கும். 65-ல் இழப்பு கண்ணுக்குத் தெரியும். எடிட்டிங் தொழில் செய்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஆறு, எட்டு கோர் ப்ராசஸர்களுக்கோ 65 மிகப் பொருத்தமானது. இன்டெலில் நீண்டநேர வரம்பு, குறுகியநேர வரம்பு என்று இரண்டு எண்கள் பயாஸில் இருக்கும். 253-ஐ 160 பக்கம் கொண்டுவந்து பாருங்கள். ஒன்றிரண்டு கோரை மட்டும் ஓட்டும் அன்றாட வேலைகள் அந்த வரம்பைத் தொடுவதே இல்லை, அதனால் அவற்றில் வித்தியாசம் தெரியாது.

வோல்டேஜ் பக்கம் பொறுமை வேண்டும். கர்வ் ஆப்டிமைசரில் ஒரு படி என்பது ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட். எல்லாக் கோருக்கும் மைனஸ் 10-ல் தொடங்கி, சில நாள் ஓட்டி, 15, 20 என்று போகலாம். என்னுடைய 7600எக்ஸில் முதல் நாளே எல்லாக் கோரையும் மைனஸ் 30-ல் வைத்தேன். ஒரு மணி நேரம் கடும் சோதனை ஓட்டினேன், அசையவில்லை. மறுநாள் காலை காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால், சும்மா இருந்தபோது தானாகவே ரீஸ்டார்ட் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் புரிந்தது. முழு வேலையில் எல்லாக் கோரும் வேலிக்குள் மெதுவாக ஓடுகின்றன, ஆபத்து குறைவு. ஒரே ஒரு கோர் சட்டென்று விழித்து உச்ச வேகத்துக்குத் தாவும்போதுதான் குறைத்த வோல்டேஜ் பற்றாமல் போகிறது. அதிலும் நல்ல கோர் என்று கம்பெனியே அடையாளமிட்ட கோர்கள் ஏற்கெனவே இறுக்கமாக வைக்கப்பட்டவை. அவற்றை மற்றவற்றைவிடக் குறைவாகத்தான் இறக்க முடியும். ஒவ்வொரு கோராகச் சோதிக்கும் கோர்சைக்கிளர் போன்ற கருவியை ஓர் இரவு முழுக்க ஓடவிடுவது இதற்காகத்தான். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டபிள்யூ.ஹெச்.இ.ஏ. லாகர் என்ற பெயரில் பிழை பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். கம்ப்யூட்டர் நிற்காவிட்டாலும், அது பதிவானால் இரண்டு மூன்று படி மேலே ஏறிவிட வேண்டும்.

வோல்டேஜ் பற்றாவிட்டால் கம்ப்யூட்டர் நின்றுபோவது மட்டும்தான் ஆபத்து என்று எண்ண வேண்டாம். கணக்கே தப்பலாம். 2019 டிசம்பரில் வெளியான பிளண்டர்வோல்ட் ஆய்வு இதைத்தான் காட்டியது. சாஃப்ட்வேர் வழியாக வோல்டேஜை இறக்கி, இன்டெல் ப்ராசஸரின் பாதுகாப்பான பகுதிக்குள் கணக்கைத் தப்பவைத்து, ரகசியச் சாவிகளையே எடுத்துவிட்டார்கள். அதன்பின் பல லேப்டாப்களில் வோல்டேஜ் கட்டுப்பாடு பூட்டப்பட்டது. கே என்று முடியாத இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் பலவற்றிலும் அண்டர்வோல்ட் செய்ய வழியில்லை. அவர்களுக்கு வாட் வேலி மட்டும் உண்டு, அதுவே பெரும்பாலான பலனைத் தரும்.

இன்னொரு கண்ணியைச் சொல்லியாக வேண்டும். வோல்டேஜ் பற்றாதபோது சில ப்ராசஸர்கள் நிற்பதில்லை. உள்ளுக்குள் கடிகாரத் துடிப்பை இழுத்து நீட்டிச் சமாளிக்கின்றன. திரையில் 5.2 கிகாஹெர்ட்ஸ் என்றே தெரியும், வாட்டும் அழகாகக் குறைந்திருக்கும், வேலை மட்டும் தாமதமாக முடியும். புதிய இன்டெல் ப்ராசஸர்களில் சிஇபி என்ற பாதுகாப்பு அமைப்பு இயங்கும்போது அண்டர்வோல்ட் செய்தால் இது அடிக்கடி நடக்கும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்புக் கருவியில், உண்மையில் ஓடும் வேகத்தைக் காட்டும் எஃபெக்டிவ் கிளாக் என்ற வரியைப் பாருங்கள். அதைவிட நல்லது, எதையும் மாற்றுவதற்கு முன்பே உங்கள் சொந்த வேலை ஒன்றை, நண்பருக்கு ஐந்து நிமிட ரெண்டர், கடிகாரம் வைத்து அளந்து எழுதி வைத்துக்கொள்வது. பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் கிடைத்தால் அதையும் மாட்டுங்கள். எஸ்.எம்.பி.எஸ்ஸும் மதர்போர்டும் தின்பதையும் சேர்த்துக் காட்டுவது அதுதான்.

விண்டோஸ் பவர் பிளானில் அதிகபட்ச ப்ராசஸர் அளவை 99 சதவீதம் என்று வைக்கச் சொல்பவர்களும் உண்டு. டர்போ முழுவதுமாக நின்றுவிடும். வாட் குறையும், வேகமும் நன்றாகவே குறையும். பில் போடும் கணினிக்குச் சரி, ஸ்டுடியோவுக்கு ஒத்துவராது.

கோத்தகிரி ஸ்டுடியோவில் அன்றைக்கு 105 வாட் ஈக்கோ மோட் மட்டும் போட்டுவிட்டு வந்தேன். அடுத்த இரண்டு வாரம் தம்பியே இரவில் சோதனை ஓட்டி, கோர் வாரியாக எண்களைப் பிடித்தான். பதினான்கு கோர்கள் மைனஸ் 20-ல் நின்றன, இரண்டு நல்ல கோர்கள் மைனஸ் 8-க்குக் கீழே இறங்க மறுத்தன. பெரிய கூலர் வாங்க வைத்திருந்த பணத்தில் யு.பி.எஸ்ஸுக்குப் புதிய பேட்டரி போட்டார்கள். பயாஸைப் புதுப்பித்தாலோ மதர்போர்டின் சின்ன பேட்டரி தீர்ந்தாலோ இந்த எண்கள் எல்லாம் அழிந்து, ப்ராசஸர் பழையபடி 230 வாட்டுக்குப் போய்விடும். அதனால் பதினாறு எண்களையும் ஒரு காகிதத்தில் எழுதி, கேபினெட் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறான்.